வீட்டை வைத்துக் கடன்: வங்கியா, பதிவு அடமானமா, நிபந்தனைக் கிரயமா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பூர்வீக வீட்டை வைத்துப் பணம் வாங்க வழி மூன்று: வங்கிக் கடன்; வீடு நம்மிடமே இருக்க, பத்திரம் பதிந்து தனியாரிடம் வாங்கும் பதிவு அடமானம்; கெடுவுக்குள் பணம் கட்டினால் வீடு திரும்பும் என்று விற்பனையாகவே எழுதும் நிபந்தனைக் கிரயம். வட்டியை மட்டும் பார்த்தால் வங்கிதான், அதில் பேச்சே இல்லை. ஆனால் கெடு தவறிய பிறகு வீட்டை மீட்க எதுவரை முடியும் என்று கேட்டால், பதிவு அடமானத்துக்கே என் ஓட்டு.

முதலில் விலக்க வேண்டியது நிபந்தனைக் கிரயம். ஃபோர்க்ளோஷர் என்பது மீட்கும் உரிமையை நீதிமன்றம் அடியோடு மூடி, கடன் கொடுத்தவருக்கே வீட்டை விட்டுவிடுவது. 10 லட்சம் பாக்கிக்கு 60 லட்ச ரூபாய் வீடு போனாலும் மிச்சம் கைக்கு வராது. ஏலம் என்றால் மிச்சம் சொந்தக்காரருக்கு. 1882 சொத்து மாற்றுச் சட்டத்தின் 67-ஆம் பிரிவு ஃபோர்க்ளோஷரை நிபந்தனைக் கிரய அடமானத்துக்கும், அப்படி ஷரத்து எழுதிய சில கலப்பு அடமானங்களுக்கும் மட்டுமே தருகிறது. பதிவு அடமானம் வாங்கியவர் ஏலம்தான் கேட்க முடியும். ஒத்திக்காரருக்கு இரண்டும் இல்லை.

அதைவிட மோசம், கிரயம் ஒரு பத்திரம், திருப்பி எழுதித் தரும் மறுகிரய ஒப்பந்தம் தனிப் பத்திரம் என்று எழுதுவது. 1929 திருத்தப்படி நிபந்தனை அதே பத்திரத்தில் இல்லாவிட்டால் அது அடமானமே ஆகாது, விற்பனைதான். கெடு தாண்டினால் ஃபோர்க்ளோஷர் வழக்குகூடத் தேவைப்படாது. 'எல்லாம் ஒன்றுதான்' என்று பத்திர எழுத்தர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

வங்கிக்கு 2002 சர்ஃபாசி சட்டம் இருக்கிறது. ஏலத்துக்கு நீதிமன்றத் தீர்ப்பு வேண்டாம். கணக்கு வாராக்கடன் ஆனதும் 60 நாள் நோட்டீஸ், பிறகு சுவாதீனம். அதை எதிர்க்க 45 நாளுக்குள் மதுரைக் கடன் மீட்புத் தீர்ப்பாயம் போகவேண்டும். 2016 திருத்தத்துக்குப் பின், வீட்டை மீட்க ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன்பே முழுப் பாக்கியையும் கட்டியாக வேண்டும்.

பதிவு அடமானத்தில் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 34-ஆம் கட்டளை காப்பாற்றும். முதல்நிலைத் தீர்ப்பில் ஆறு மாதம் வரை அவகாசம் உண்டு. காரணம் காட்டினால் நீட்டிப்பும் கிடைக்கலாம். ஏலமே முடிந்தாலும், நீதிமன்றம் அதை உறுதி செய்யும் முன் பாக்கியோடு ஏலத் தொகையில் 5% சேர்த்துக் கட்டினால் வீடு மீளும். வட்டியும் வழக்குச் செலவும் ஏறிக்கொண்டே இருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பாகம் பிரிக்காத வீடாக இருந்தால் சிக்கல் வேறு. ஒரு பங்காளியின் பங்கை ஏலத்தில் எடுத்த வெளியாருக்குச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவுப்படி கூடக் குடியிருக்கும் உரிமை இல்லை. அவர் பாகப்பிரிவினை வழக்குப் போட்டால், 1893 பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவில் மற்ற பங்காளிகள் மதிப்புப் போட்டு அந்தப் பங்கை வாங்கிக்கொள்ளக் கேட்கலாம். அதனால் ஒற்றைப் பங்கு ஏலத்தில் நல்ல விலை போகாது. பங்காளிகள் எல்லாருடைய கையெழுத்தும் இல்லாமல் வங்கிகள் தயங்குவது இதனால்தான். சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்கள் அனுப்பும் அதிகாரப் பத்திரத்துக்கு அத்தாட்சி வேண்டும். இங்கே வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வையும் கட்ட வேண்டும்.

பதிவு அடமானத்துக்கு இரண்டு சாட்சிக் கையெழுத்து கட்டாயம். கடன் தீர்ந்ததும் அடமான ரசீதையும் பதிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் வில்லங்கச் சான்றில் அந்தக் கடன் அப்படியே நிற்கும்.