கடைசிப் பாகத்தை ராத்திரியில் பார்ப்பது: மாரத்தானா, இரட்டைக் காட்சியா?

2003 டிசம்பர் 16, செவ்வாய்க்கிழமை. அமெரிக்காவில் சில தியேட்டர்களில் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' முதல் இரண்டு படங்களின் நீண்ட வடிவங்களை மதியத்திலிருந்து போட்டுவிட்டு, இரவு 10 மணிக்குக் கடைசிப் படமான 'தி ரிட்டர்ன் ஆஃப் தி கிங்'கைத் தொடங்கினார்கள். தொடர் முழுவதையும் ஒரே மூச்சில் பார்க்கும் இதுதான் மாரத்தான். இடைவேளைகளைக் கழித்தாலே பத்தரை மணி நேரத்துக்கு மேல் வரும். கடைசிப் படம் மட்டும் 201 நிமிடம். கதையின் மையமான மோதிரம் அழிந்த பிறகும் படம் முடியாது. முடிசூட்டு, ஊர் திரும்புதல், துறைமுகத்தில் பிரிவு என்று நீளும். தனியாகப் பார்த்த பலர் இதைக் குறையாகச் சொன்னார்கள். மதியத்திலிருந்து கதையின் நாலு ஹாபிட்களோடு (குள்ள மனிதர்களோடு) கூடவே வந்தவர்களுக்கு அந்த நீண்ட விடைபெறல் தேவைதான் என்பேன். ஆனால் அது வருவதற்குள் ராத்திரி ஒரு மணி ஆகிவிடும். உடம்பு ஒத்துழைக்க வேண்டுமே!

2011 ஜூலை 15 பிறந்த நள்ளிரவில் வந்த ஹாரி பாட்டர் கடைசிப் படத்தின் கணக்கு வேறு. 130 நிமிடம்தான், தொடரிலேயே சிறியது. வட அமெரிக்க நள்ளிரவுக் காட்சிகளில் மட்டும் சுமார் 4.35 கோடி டாலர் வசூல். 2001இல் முதல் படத்தைப் பத்து வயதில் பார்த்த பிள்ளை இப்போது இருபதை நெருங்கிவிட்டது. அரங்கு நிறைய அப்படிப்பட்டவர்கள்.

இந்தப் படத்தில் ஒரு சிக்கல் உண்டு. முன்கதையை நினைவூட்டாமல், முந்தைய பாகம் விட்ட இடத்திலேயே தொடங்கிவிடும். தொடக்கத்திலேயே, ஹாரிக்கு உதவிய குட்டி ஏவல் பூதமான டாபியின் கல்லறை வருகிறது. டாபி செத்துப்போன படம் வெளிவந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்தத் துக்கம் ஆறிப்போயிருக்கும். சில தியேட்டர்கள் இதற்கு நல்ல வழி செய்தன: இரவு 9 மணி வாக்கில் முந்தைய பாகம், கொஞ்சம் இடைவெளி, நள்ளிரவில் கடைசிப் பாகம். கண் ஈரம் காயுமுன் கல்லறை வந்துவிடும்.

என் ஓட்டு இந்த இரட்டைக் காட்சிக்குத்தான். மாரத்தானின் கனத்தில் பாதியாவது கிடைக்கிறது, களைப்பு இல்லை. வெறும் நள்ளிரவுக் காட்சியில் கூட்டத்தின் ஆரவாரம் உண்டு, கதையின் தொடர்ச்சி இல்லை.

2012க்குப் பிறகு, கொலராடோவில் ஒரு நள்ளிரவுக் காட்சியில் நடந்த துப்பாக்கிச் சூட்டையும் தொடர்ந்து, அமெரிக்காவில் முதல் காட்சிகள் மெல்ல வியாழன் மாலைக்கு நகர்ந்துவிட்டன. மாலை 7 மணிக் காட்சி வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் ஹாரி பாட்டர் படங்கள் எப்போதாவது மறுவெளியீடாக வந்து, கடைசி இரண்டு பாகத்தையும் ஒரே இரவில் போடும் தியேட்டர் கிடைத்தால், யோசிக்காமல் அதற்கே டிக்கெட் எடுங்கள்.