ஒரே தொட்டியா, தனித்தனித் தொட்டியா?

பள்ளியிலோ கல்லூரியிலோ மறுசுழற்சியைத் தொடங்கலாம் என்று நாலு பேர் உட்கார்ந்தால், முதல் நாளே இந்தக் கேள்வி வந்துவிடும். காகிதம், பாட்டில், டப்பா எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் போடச் சொல்வதா, வகைக்கு ஒன்றாக வைப்பதா?

ஒரே தொட்டிக்காரர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மணி அடித்ததும் அடுத்த வகுப்புக்கு ஓடுகிற பிள்ளை ஐந்து தொட்டிகளுக்கு முன்னால் நின்று யோசிக்காது. ஒன்றே ஒன்று என்றால் போகிற போக்கில் போட்டுவிடும். பிரிக்கிற வேலையை மறுசுழற்சி நிலையத்து இயந்திரம் பார்த்துக்கொள்ளும்: இரும்பைக் காந்தம் இழுக்கும், பிளாஸ்டிக் வகைகளை அகச்சிவப்புக் கதிர் கண்டுபிடிக்கும். (கறுப்பு பிளாஸ்டிக் மட்டும் பெரும்பாலும் தப்பிவிடும், அதிலுள்ள கரி நிறமி கதிரை விழுங்கிவிடுகிறது.)

சரி, அந்தத் தொட்டிக்குள் எட்டிப் பாருங்கள். அடியில் ஒரு கட்டு விடைத்தாள். அதன்மேல் கால்வாசி ஜூஸ் மிச்சமிருக்கும் பாட்டில், மூடி அரைகுறையாகத் திருகியபடி. சாயங்காலத்துக்குள் தாளெல்லாம் ஊறிப் பிசுபிசுத்துவிடும். ஒரு பாட்டிலைச் சேர்க்கப் போய் ஒரு கட்டுத் தாளைக் கெடுத்தாயிற்று. வகுப்பறைகளில் அதிகம் சேர்வதே தாள்தான் என்பதால் இதை லேசாக விட முடியாது. ஏற்கெனவே காகித இழை ஐந்து முதல் ஏழு சுற்றுதான் தாங்கும். சுற்றுக்குச் சுற்று குட்டையாகிக்கொண்டே போகும். 2018-ல் சீனா, இறக்குமதியாகும் பழைய காகிதத்தில் கலப்படம் 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றதும், எல்லாவற்றையும் ஒன்றாகச் சேகரித்து அங்கே அனுப்பிப் பழகிய ஊர்கள் திண்டாடிப் போயின.

அதற்காக ஐந்து தொட்டி வைப்பதும் வீண். கண்ணாடி எப்போதாவது ஒன்று வரும். அதைத் துப்புரவுப் பணியாளர் கையில் கொடுத்தால் போதும். என் கட்சி இது: காகிதத்துக்கு ஒன்று, பாட்டிலுக்கும் டப்பாவுக்கும் சேர்த்து ஒன்று, பக்கத்திலேயே சாதாரணக் குப்பைக்கு ஒன்று. மூன்றாவதை விட்டுவிட்டால் காபி குடித்த பேப்பர் கப் நேரே காகிதத் தொட்டிக்குத்தான் போகும். பெயர்தான் பேப்பர், உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் சாதாரணக் காகிதத்தோடு அது சேராது. ஸ்டேப்ளர் பின் பற்றிக் கவலை வேண்டாம், கூழாக்கும்போது பிரிந்துவிடும்.

சுவரொட்டியைவிடத் தொட்டியின் மூடி நன்றாகப் பேசும். காகிதத்துக்கு நீளக் கீறல், பாட்டிலுக்கு வட்ட ஓட்டை. வகுப்பறைக்குள் காகிதக் கூடை மட்டும் இருக்கட்டும். மற்ற இரண்டும் வராந்தாவில், தண்ணீர்க் குழாய்ப் பக்கம். மிச்சத்தை ஊற்றிவிட்டுப் பாட்டிலைப் போட அதுதான் தோதான இடம்.

அடுத்த போட்டி, காலி செய்வது மாணவர்களா, துப்புரவுப் பணியாளர்களா? மாணவர்கள் உற்சாகமாக ஆரம்பிப்பார்கள், தேர்வு வந்ததும் தொட்டி நிரம்பி வழியும். பணியாளர்கள் தினமும் வருவார்கள். ஆனால் அவர்களைக் கேட்காமல் திட்டம் போட்டால், பிரித்து வைத்ததெல்லாம் சாயங்காலம் ஒரே பையில் போய்ச் சேரும். அதை ஒரு மாணவி பார்த்துவிட்டால் போதும், மறுநாளிலிருந்து யாரும் பிரிக்க மாட்டார்கள்.

அதனால் பொறுப்பைப் பணியாளர்களிடமே கொடுப்பேன், கூடுதல் வேலைக்கான நேரத்தையும் சேர்த்து. தொட்டி வாங்கும் முன்னரே அவர்களிடம் கேட்க வேண்டியவை: எத்தனை பை தேவை, எந்த மூலையில் சேர்த்து வைக்கலாம், வண்டி படியேறுமா. அப்புறம், எடுத்துப்போக வருபவர் எதையெல்லாம் வாங்குவார் என்பது. மாணவர்களுக்கு வாரம் ஒருமுறை எடை போட்டுப் பலகையில் எழுதும் வேலை. ஆண்டுக் கடைசியில் நோட்டுகள் குவியும்போது அவர்கள்தான் தேவை: எழுதாத பக்கங்களைக் கிழித்துத் தைத்துக்கொண்டு, சுருள் கம்பியை உருவிவிட்டு, மிச்சத்தைக் கூடையில் போட.