மறந்த நினைவை மீட்டுத் தருவதாகச் சொல்லும் ஒரு சேவை: பெங்களூரிலிருந்து ஒரு மதிப்புரை

பெங்களூரின் கிழக்குப் பகுதியில், காரணம் தெரியாத பயங்களையும் மறைந்துபோன நினைவுகளையும் ஹிப்னாடிசத்தின் வழியாக வெளியே கொண்டுவந்து தருவதாகச் சொல்லும் ஒரு மையம் இயங்குகிறது. முற்பிறவி, கருப்பைக் கால நினைவு ஆகியவற்றோடு, வேற்றுக்கிரகவாசிகளால் தாம் கடத்தப்பட்டிருக்கலாம் என்று சந்தேகப்படுபவர்களுக்கான அமர்வும் அவர்களுடைய சேவைப் பட்டியலில் இருக்கிறது. என் சித்தி மகன் அந்த அமர்வுக்குப் பணம் கட்டினான். தனியாகப் போகத் தயங்கியதால் என்னையும் உடன் உட்காரச் சொன்னான். இதே முறையைக் கையாளும் இடங்கள் நகரில் பல இருப்பதால் மையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அங்கே இருப்பவர்கள் பண்பானவர்கள், ஏமாற்றும் எண்ணம் அவர்களிடம் எனக்குத் தென்படவில்லை, ஆனாலும் இந்தச் சேவையை யாரும் வாங்க வேண்டாம்.

இடத்தைப் பற்றிச் சொல்வதானால், அறை சுத்தமாக இருந்தது, வெளிச் சத்தம் உள்ளே வரவில்லை, சொன்ன நேரத்துக்கு அழைத்தார்கள், ரசீது கொடுத்தார்கள். சிகிச்சையாளர் அம்மையாருக்குத் தமிழ் நன்றாகத் தெரிந்திருந்தது. பயத்தில் இருப்பவனிடம் பேசவேண்டிய நிதானம் அவரிடம் இருந்தது. ஒரு அமர்வுக்கான கட்டணம் தம்பியின் ஒரு மாத பி.ஜி. (பேயிங் கெஸ்ட் விடுதி) வாடகைக்கு அருகில் வந்தது. மூன்று அமர்வுகளுக்கு முன்பணம் கேட்டார்கள்.

தம்பிக்கு இருந்த பிரச்சினை இதுதான். ஒயிட்ஃபீல்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில், அமெரிக்க நேரத்துக்கு ஏற்ற ஷிப்டில் வேலை. மாரத்தஹள்ளியில் ஒரு பி.ஜி.யில் தங்கியிருக்கிறான். வேலை முடிந்து விடியும் நேரத்தில் படுத்தால், சில நாட்களில் திடீரென்று விழிப்புத் தட்டும். கண் திறந்திருக்கும், கை கால் அசையாது, மார்பின் மேல் பாரம் ஏறியதுபோல் மூச்சு முட்டும், அலமாரிக்குப் பக்கத்தில் உயரமாக யாரோ நிற்பது தெரியும். மர்ஃபி டவுனில் இருக்கும் எங்கள் பெரியம்மாவிடம் சொன்னபோது, அது அமுக்குவான் பேய் என்று சொல்லித் தலையணைக்கு அடியில் இரும்பு வைக்கச் சொன்னார். அறைத் தோழர்களோ யூடியூபில் கடத்தல் அனுபவக் காணொளிகளைக் காட்டினார்கள். படித்த பிள்ளைக்குப் பேயைவிட விண்கலம் நம்பத் தக்கதாகத் தோன்றியிருக்கிறது. நம் காலத்தில் அப்படித் தோன்றுவது இயல்புதான்.

அமர்வுக்கு முன்பு ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள். விழித்தபோது அசைய முடியாமல் அறையில் வேறொருவர் இருப்பதாக உணர்ந்ததுண்டா, ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ எங்கே போனது என்று தெரியாமல் இருந்ததுண்டா, காற்றில் மிதப்பதுபோல் உணர்ந்ததுண்டா, அறையில் விளங்காத ஒளியைக் கண்டதுண்டா, எப்படி வந்ததென்று தெரியாத தழும்பு உடம்பில் உண்டா என்று அது கேட்டது. இந்த ஐந்து கேள்விகளும் புதியவை அல்ல. 1991-ல் அமெரிக்காவில் ரோப்பர் நிறுவனம் ஏறத்தாழ 6,000 பேரிடம் நடத்திய கருத்துக்கணிப்பில் கேட்கப்பட்டவையே இவை. இவற்றில் நான்கிற்கு ஆம் என்றவர்கள் கடத்தப்பட்டிருக்கலாம் என்று கொண்டு, அத்தகையோர் இரண்டு சதவீதம், அதாவது நாட்டில் 37 லட்சம் பேர் என்று கணக்குச் சொன்னார்கள். ‘உங்களை யாராவது கடத்தினார்களா’ என்று நேராகக் கேட்டு வந்த எண்ணிக்கை அல்ல அது. தூக்கம் கெட்ட எவருக்கும் இந்தக் கேள்விகளில் இரண்டு மூன்றாவது பொருந்தும். படிவத்தை நிரப்பி முடித்தபோதே தம்பியின் முகம் மாறியிருந்ததை நான் கவனித்தேன். பத்து நிமிடத்துக்கு முன்பு அவனிடம் இருந்தது ஒரு பயம், இப்போது அதற்கு ஒரு கதையின் வடிவம் கிடைத்திருந்தது.

இந்த மையத்தின் மிகச் சிறந்த அம்சம், அமர்வு முழுவதையும் ஒலிப்பதிவு செய்து வாடிக்கையாளருக்கே கொடுத்துவிடுவது. வீட்டுக்கு வந்ததும் அந்தப் பதிவைக் கேட்டு, ஒவ்வொரு விவரத்தையும் முதலில் வாய்விட்டுச் சொன்னவர் யார் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். ‘அசைய முடியல’ என்று தம்பி சொல்கிறான். ‘கட்டில் பக்கத்துல நிக்கிறாங்களே, எத்தனை பேர்?’ என்று அம்மையார் கேட்கிறார். அதுவரை ஒரே ஓர் உருவத்தைப் பற்றித்தான் அவன் எங்களிடம் சொல்லியிருந்தான். நீண்ட அமைதிக்குப் பின் ‘மூணு பேர்னு நினைக்கிறேன்’ என்கிறான். ‘கண்ணு பெரிசா இருக்கா?’ ‘ஆமா, பெரிசு.’ ‘உங்களை எங்க கூட்டிட்டுப் போறாங்க?’ அங்கிருந்து ஜன்னல் வழியாக மேலே போவதும், உலோக மேசையும், குளிர்ந்த கருவியும் வரிசையாக வருகின்றன. எண்ணிக்கை, கண், பயணம், மேசை ஆகிய நான்கும் கேள்வியில் முதலில் வந்து, பிறகுதான் பதிலில் வந்திருக்கின்றன. தாளில் தம்பியின் பெயருக்கு நேராக மிஞ்சியவை அசைவின்மை, மார்புப் பாரம், அலமாரி ஓர நிழல் மட்டுமே.

கடத்தல் கதைகளில் மிகப் புகழ்பெற்ற கதையிலும் இதே கேள்வி எழுந்திருக்கிறது. 1961 செப்டம்பர் 19 இரவு, கனடாவில் விடுமுறையைக் கழித்துவிட்டு நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மலைச்சாலையில் காரில் திரும்பிக்கொண்டிருந்த பெட்டி ஹில், பார்னி ஹில் தம்பதியர், தங்களைத் தொடர்ந்து வந்த ஓர் ஒளியைப் பார்த்தார்கள். பார்னி அஞ்சல் துறை ஊழியர், பெட்டி சமூக நலப் பணியாளர், ஊரில் மதிப்புள்ளவர்கள். பைனாகுலர் வழியாகப் பார்த்தபோது அந்தப் பொருளின் ஜன்னல்களுக்குப் பின்னால் உருவங்களைக் கண்டதாகப் பார்னி சொன்னார். வீடு சேர வேண்டிய நேரத்தைவிட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் தாமதமாகியிருந்தது. சில நாட்கள் கழித்துப் பெட்டிக்குத் தொடர்ந்து கெட்ட கனவுகள் வந்தன. விண்கலத்துக்குள் கொண்டுசெல்லப்பட்டதும் சோதிக்கப்பட்டதும் முதலில் அந்தக் கனவுகளில்தான் தோன்றின. அவற்றை எழுதிவைத்த பெட்டி, கணவர் காதுபடப் பலரிடமும் சொல்லியும் வந்தார். 1964-ல்தான் பாஸ்டன் நகர மனநல மருத்துவர் பெஞ்சமின் சைமன் இருவரையும் தனித்தனியே ஹிப்னாடிசத்துக்கு உட்படுத்தினார். இருவர் சொன்னதும் பெரும்பாலும் ஒத்துப்போனது உலகை வியக்கவைத்தது. ஆனால் சிகிச்சையை நடத்திய சைமன், அவர்கள் பொய் சொல்லவில்லை என்பதில் உறுதியாக இருந்தபடியே, கடத்தல் என்ற பகுதி பெட்டியின் கனவிலிருந்து பிறந்து பார்னியின் மனத்தில் ஏறியது என்ற முடிவுக்கு வந்தார். பெட்டி ஹில்லின் பெயரை அறிந்தவர்களில் சைமனின் முடிவை அறிந்தவர்கள் மிகக் குறைவு என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. மையத்தின் கையேட்டிலும் ஹில் தம்பதியர் இருக்கிறார்கள், சைமன் இல்லை.

ஹிப்னாடிசம் வலியைக் குறைக்கவும் பதற்றத்தைத் தணிக்கவும் உதவக்கூடியது. அதன்மேல் எனக்குக் காழ்ப்பு இல்லை. பூட்டிவைத்த நினைவை அது அப்படியே திறந்து காட்டும் என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1985-லேயே, ஹிப்னாடிசத்தில் வரும் நினைவில் புனைவும் கலந்து வருகிறது, சாதாரண நினைவைவிட அது நம்பகமானதல்ல என்று அறிக்கை தந்துவிட்டது. உளவியலாளர் எலிசபெத் லோஃப்டஸ் 1990-களில், சிறுவயதில் கடைவளாகத்தில் தொலைந்துபோனதாக ஒரு கற்பனைச் சம்பவத்தை 24 பேரிடம் உண்மைச் சம்பவங்களோடு கலந்து சொன்னபோது, ஏறத்தாழ கால்வாசிப் பேர் அதை முழுமையாகவோ பகுதியாகவோ நினைவுகூர்ந்தார்கள். அங்கே ஹிப்னாடிசம்கூடத் தேவைப்படவில்லை. பெங்களூர்க்காரர்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் வேண்டுமானால், ஒருகாலத்தில் நார்கோ சோதனைக்கு, அதாவது மருந்தால் அரைமயக்கத்தில் ஆழ்த்திக் கேள்வி கேட்கும் முறைக்கு, பேர்போனது நம் ஊர்த் தடய அறிவியல் ஆய்வகம்தான். செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்ற வழக்கில் 2010 மே 5 அன்று உச்ச நீதிமன்றம், ஒருவரின் சம்மதமின்றி அச்சோதனையை நடத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தது. மயக்க நிலையில் இருப்பவர் கேள்வி கேட்பவரின் தூண்டுதலுக்கு எளிதில் வசப்படுவார் என்ற கவலையும் அந்தத் தீர்ப்பில் பேசப்பட்டிருக்கிறது. குற்ற விசாரணையிலேயே இவ்வளவு எச்சரிக்கை தேவைப்படும் ஒரு நிலையில் கிடைத்த வாக்குமூலத்தை, விண்வெளிப் பயணத்துக்கு மட்டும் எப்படிச் சான்றாக ஏற்பது?

கையேடு பெரிதும் சாய்ந்திருப்பது ஹார்வர்டு பேராசிரியர் ஜான் மேக்கின் பெயர் மீது. 2004-ல் மறைந்த அவர் உண்மையிலேயே ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் மனநலப் பேராசிரியராக இருந்தவர். 1977-ல் புலிட்சர் பரிசு பெற்றவர். பரிசு கிடைத்தது டி.இ. லாரன்சின் வாழ்க்கை வரலாற்றுக்கு. கடத்தப்பட்டதாகச் சொன்னவர்களைப் பற்றிய அவருடைய நூல் 1994-ல் வந்தபின், பல்கலைக்கழகம் அவருடைய ஆய்வுமுறையை ஆராய ஒரு குழுவை அமைத்தது. 1995-ல் அவர் பதவியில் தொடரலாம், தாம் விரும்பியதை ஆராயலாம் என்று அது முடிந்தது. ஆராயும் உரிமை அவருக்கு உண்டு என்பதுதான் அந்த முடிவின் பொருள். கையேட்டைப் படிப்பவருக்கோ ஹார்வர்டே கடத்தலை ஏற்றுக்கொண்டதுபோன்ற எண்ணம் வருகிறது.

அதே ஹார்வர்டிலிருந்து வந்த வேறு ஆய்வுகளையும் கையேடு சேர்த்திருக்க வேண்டும். சூசன் கிளான்சியும் ரிச்சர்ட் மெக்னலியும் சக ஆய்வாளர்களும் 2002-ல், கடத்தல் நினைவு திரும்பியதாகச் சொன்னவர்களுக்கு ஒரு சொற்பட்டியல் சோதனை வைத்தார்கள். ஒரே பொருளைச் சுற்றிய சொற்களைக் கொடுத்துவிட்டு, பட்டியலில் இல்லாத மையச் சொல்லை அவர்கள் பார்த்ததாக நினைக்கிறார்களா என்று சோதித்தார்கள். கடத்தல் நினைவு உடையவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக அப்படி நினைத்தார்கள். இதைவிட என்னைத் தொட்டது 2004-ல் மெக்னலி குழு வெளியிட்ட ஆய்வு. கடத்தல் அனுபவத்தை அவர்களுக்கே திரும்பச் சொல்லிக் காட்டியபோது, உண்மையான பேரதிர்ச்சிக்கு ஆளானவர்களிடம் காணப்படும் அளவுக்கு அவர்களுடைய இதயம் படபடத்தது, வியர்த்தது. ஆகவே ‘புளுகுகிறார்கள்’ என்று சிரிப்பவர்கள் பெரிய அநியாயம் செய்கிறார்கள். அந்தப் பயம் முழுக்க உண்மையானது. பயம் உண்மையாக இருப்பதாலேயே அதற்குச் சொல்லப்படும் காரணமும் உண்மையாகிவிடாது.

தம்பியின் அனுபவத்துக்கு மருத்துவத்தில் ஸ்லீப் பாராலிசிஸ் என்று பெயர். கனவு காணும் ரெம் உறக்கத்தில், கனவுக்கேற்ப உடல் எழுந்து ஓடிவிடாதபடி மூளை தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. அந்தத் தளர்ச்சி நீங்குவதற்கு முன்பே விழிப்பு வந்துவிட்டால், கனவு பாதி கண்ணெதிரில் நிற்கும், உடல் அசையாது, மூச்சு நம் வசத்தில் இல்லாததுபோல் தோன்றும். பல ஆய்வுகளைத் தொகுத்து 2011-ல் வெளியான ஒரு கட்டுரை, பொதுமக்களில் 7.6 சதவீதம் பேருக்கும் மாணவர்களில் 28 சதவீதம் பேருக்கும் வாழ்நாளில் ஒருமுறையாவது இது நேர்ந்திருப்பதாகக் கணக்கிட்டது. தூக்கக் குறைவும், மாறி மாறி வரும் ஷிப்டும், மல்லாந்து படுப்பதும் இதைக் கூட்டும். நியூஃபவுண்ட்லாந்தில் கிழவி வந்து மார்பில் உட்காருகிறாள், ஜப்பானில் கனஷிபாரி, நம்மிடம் அமுக்குவான். பெரியம்மா சொன்னதும் காணொளிகள் சொன்னதும் ஒரே அனுபவத்துக்கு இரண்டு ஊர்கள் போர்த்திய இரண்டு போர்வைகள்.

எல்லாக் கதைகளையும் உறக்கத்தில் அடக்கிவிட முடியாது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1973 அக்டோபர் 11 அன்று மிசிசிப்பி மாநிலத்தின் பாஸ்ககூலாவில் ஆற்றங்கரையில் மீன் பிடித்துக்கொண்டிருந்த சார்லஸ் ஹிக்சனும் கால்வின் பார்க்கரும் கடத்தப்பட்டதாகச் சொன்னார்கள். காவல் அதிகாரிகள் அவர்களைத் தனியே விட்டு, தெரியாமல் பதிவுக் கருவியை ஓடவிட்டபோதும் இருவரும் நடுக்கத்தோடு அதையேதான் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பதிவு அவர்கள் நடிக்கவில்லை என்பதற்கு வலுவான சான்று. ஆற்றங்கரையில் நடந்தது என்ன என்பதற்குச் சான்று ஆகாது. இத்தனை ஆண்டுகளில், பூமியில் செய்திருக்க முடியாதது என்று ஆய்வகங்கள் ஒப்புக்கொண்ட ஒரு பொருளைக்கூடக் கடத்தப்பட்டதாகச் சொன்ன எவராலும் கொண்டுவர முடியவில்லை. 1976-ல் பெங்களூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த எச். நரசிம்மையா அற்புதங்களை ஆராயக் குழு அமைத்த ஊர் இது. சோதிக்கக் கூடியதைச் சோதித்துப் பார்ப்போம் என்ற அவருடைய பிடிவாதம் இங்கேயும் செல்லும்.

அமர்வின் விளைவு என்ன ஆயிற்று என்பதுதான் என் மறுப்புக்கு முக்கியக் காரணம். அதற்குப் பிறகு தம்பி தூங்கவே பயந்தான். தூக்கம் குறையக் குறைய அந்த விழிப்புகள் கூடின. நிழலாக இருந்த உருவம் பெரிய கண்களோடு மூன்றாக வரத் தொடங்கியது. பெங்களூரின் அரசு மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸுக்கு அழைத்துப் போனோம். அங்கே மருத்துவர் கேட்டதெல்லாம் எப்போது படுக்கிறாய், எப்படிப் படுக்கிறாய், எத்தனை காபி, ஷிப்ட் எப்போது மாறுகிறது என்பவை. ஒருக்களித்துப் படுக்கவும், ஒரே நேரத்தில் உறங்கவும், அது வரும்போது கால் விரலை மட்டும் அசைக்க முயலவும் சொன்னார். பகல் ஷிப்டுக்கு மாறிய பின் மிகவும் குறைந்துவிட்டது. ‘அது நிஜமா இல்லையான்னு இன்னும் சில நேரம் தோணுது அண்ணா’ என்கிறான். அவ்வளவு தெளிவாக அவன் மனத்தில் அது பதிந்திருக்கிறது.

எனவே இதுபோன்ற அனுபவம் உள்ளவர்கள் முதலில் தூக்கத்தைக் கவனிக்கும் மருத்துவரிடம் போகவும். மனநல உதவி தேவையென்றால், சிகிச்சையாளர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா என்று கேட்டுப் பார்க்கவும். இந்த மையத்தில் நாங்கள் கேட்டபோது நேரான பதில் வரவில்லை. ஏற்கெனவே அங்கே போய்விட்டவர்கள் தங்கள் ஒலிப்பதிவை வாங்கி, எந்த விவரம் யார் வாயிலிருந்து முதலில் வந்தது என்று கட்டாயம் கேட்டுப் பார்க்கவும். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் தருகிறேன்: ஒன்று அந்த ஒலிப்பதிவுக்கு, மற்றொன்று மீதி இரண்டு அமர்வுகளின் பணத்தை எந்தத் தகராறும் செய்யாமல் திருப்பிக் கொடுத்ததற்கு.