நீச்சல் மேடைக்கு எந்த விரிப்பு: தேக்கா, பிவிசியா, ஃபோமா?

படகு என் கைக்கு வந்தபோதே அதன் பின்புற நீச்சல் மேடையில் சாம்பல் நிற மரைன் கார்ப்பெட் ஒட்டியிருந்தது. முதல் கோடையில் எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. தண்ணீரிலிருந்து ஏறி உட்கார்ந்தால் உறுத்தாது, வழுக்காது. இரண்டாவது கோடையில் வாடை வர ஆரம்பித்தது. நாள் முழுக்க வெயிலில் காய்ந்தாலும் அடிப்பக்கம் ஈரம் போகவில்லை. ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் கருகருவென்று பூஞ்சை. சரி, பிய்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கார்ப்பெட் அரை மணி நேரத்தில் வந்துவிட்டது. அதற்குக் கீழே இறுகிக் கிடந்த பசையைச் சுரண்டி முடிக்க மூன்று வார இறுதிகள் ஆயின.

புதிதாக என்ன போடலாம் என்று விசாரித்ததும் அந்தச் சுரண்டலுக்கு நடுவில்தான். அதனாலோ என்னவோ, மற்றவர்கள் கடைசியில் கேட்கும் கேள்வியை நான் முதலில் கேட்டேன்: இது வீணாய்ப் போனால் எப்படிக் கழற்றுவது?

மேல்தளத்தின் மற்ற பகுதிகளுக்கு இந்தக் கேள்வி அவ்வளவு முக்கியமில்லாமல் இருக்கலாம். நீச்சல் மேடையின் கதை வேறு. அது நீர்மட்டத்துக்கு ஓரிரு சாண் உயரத்தில்தான் இருக்கிறது. உப்புத்தண்ணீர் வந்து வந்து நனைக்கும், அடுத்த நிமிடமே வெயில் காய்ச்சும். எஞ்சின் புகை பின்பக்கமாக வெளியேறும் படகுகளில் கரியும் அங்கேதான் வந்து படியும். ஈரக்காலோடு ஏறுகிறவர் உடம்பிலிருந்து சன்ஸ்கிரீன் எண்ணெய் வழியும். துடுப்புச் செருப்பு, ஸ்கூபா சிலிண்டர், தூண்டில் முள், ஏணியின் இரும்பு என்று எல்லாமே முதலில் விழுவது அந்த இடத்தில்தான். படகின் மற்ற தளத்தில் பத்து வருடம் தாங்கும் பொருள் இங்கே அவ்வளவு காலம் தாங்கும் என்று எதிர்பார்க்க முடியாது. எதைப் போட்டாலும் ஒருநாள் மாற்றத்தான் வேண்டும்.

கார்ப்பெட்டைப் பற்றிச் சொல்லியாயிற்று. மணல் கலந்த வழுக்காத பெயின்ட் மலிவு, எடை இல்லை, பழுதானால் தேய்த்துவிட்டு மறுபடி பூசலாம். வேலை செய்யும் படகுக்கு அதுவே போதும். ஆனால் நீந்துகிறவருக்கு அது ஆகாது. தண்ணீரிலிருந்து மேடைக்கு யாரும் காலால் மட்டும் ஏறுவதில்லை. வயிற்றையும் முழங்காலையும் முழங்கையையும் ஊன்றித்தான் ஏறுகிறோம், அதுவும் தோல் ஊறி மென்மையாக இருக்கும் நேரத்தில். குழந்தைகள் ஒரு மதியம் இருபது முறை ஏறி இறங்கினால் மாலையில் முழங்கால்கள் சிவந்து தோலுரிந்திருக்கும். சொகுசு வேண்டும் என்று தேடுகிறவர்கள் பெயின்ட்டை விட்டுவிடலாம்.

தேக்கைப் பற்றிப் பேசும்போது எனக்கு மனம் கொஞ்சம் இளகும். ஆங்கிலத்தில் அந்த மரத்துக்கு வழங்கும் பெயரே நம் தென்னக மொழிகளின் தேக்கிலிருந்து போர்த்துகீசியர் வழியாகப் போனதுதான். இயற்கையிலேயே எண்ணெய்ச் சத்து உள்ள மரம், ஈரத்தில் எளிதில் உளுத்துப் போகாது, நனைந்தாலும் காலுக்குப் பிடிப்பு கொடுக்கும். எண்ணெய் பூசாமல் விட்டால் வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு வந்து நின்றுவிடும். அந்த நிறம் எனக்கு மிகவும் பிடிக்கும். சட்டங்களுக்கு நடுவே இடைவெளி விட்டு, தாங்கிகள் மேல் பொருத்தும் முழுத் தேக்கு மேடை என்றால் இன்னும் நல்லது. தண்ணீர் தேங்காமல் கீழே வடிந்துவிடும், மொத்த மேடையையும் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போய்ச் சீர்செய்யலாம். உங்கள் படகில் ஏற்கெனவே அப்படி ஒரு மேடை இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத் தேவையில்லை. அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

என்னுடையது ஃபைபர் மேடை. அதன் மேல் தேக்குப் பலகை பதிக்க இரண்டு வழிகள்தான்: திருகாணி, அல்லது பசை. ஃபைபர் மேடைகள் பலவற்றின் உள்ளே பால்சா என்ற லேசான மரமோ பிளைவுட்டோ வைத்திருப்பார்கள். ஒவ்வொரு திருகாணித் துளையும் அந்த உள்மரத்துக்குத் தண்ணீர் போக ஒரு வாசல். துளையை அடைத்த பூச்சு என்றைக்கோ ஒருநாள் விட்டுக்கொடுக்கும், மேலே பலகை அழகாக இருக்கும்போதே கீழே மேடை ஊறிப்போகும். பசையில் பதித்தால் அந்தப் பயம் இல்லை. ஆனால் பலகை தேய்ந்த பிறகு உளியால் செதுக்கித்தான் எடுக்க வேண்டும். தேயவும் செய்யும். மர ரேகையின் போக்கிலேயே கடினமான பிரஷ்ஷால் தேய்க்கிறவர்கள் ரேகைகளுக்கு நடுவே உள்ள மென்மையான பாகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுக்கிறார்கள். குறுக்காகத்தான் தேய்க்க வேண்டும், அதுவும் மிருதுவாக. அமிலக் கலவையாலும் பிரஷர் வாஷராலும் கழுவினால் இன்னும் சீக்கிரம் மெலியும். அப்புறம் மரம் எங்கிருந்து வருகிறது என்ற விஷயமும் இருக்கிறது. படகுத் தொழிலில் அதிகம் விரும்பப்பட்டது மியன்மர் தேக்கு. அந்த நாட்டின் அரசு மரவணிக நிறுவனத்தின் மீது 2021-இல் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் தடை விதித்தன. தேக்கு வாங்குவதாக இருந்தால் எந்தக் காட்டில் வெட்டியது என்று கேட்டே வாங்குங்கள்.

பிவிசி செயற்கைத் தேக்கு பார்வைக்கு மரம் போலவே இருக்கும். எண்ணெய் வேண்டாம், கறை பிடித்தால் சோப்பு போட்டு அழுத்தித் தேய்க்கலாம், ஆழமான கறையைச் சொரசொரப்பான உப்புத்தாளால் இழைத்தே எடுத்துவிடலாம். தூண்டில் முள்ளுக்கோ நாய் நகத்துக்கோ அசையாது. பராமரிப்பு மட்டும்தான் அளவுகோல் என்றால் இதற்கே முதலிடம் கொடுப்பேன். ஆனால் இரண்டு குறைகள். கெட்டியான பொருள் என்பதால் வெயிலில் வாங்கிய சூட்டைத் தேக்கி வைத்துக்கொண்டு வெறுங்காலுக்கு அப்படியே கொடுக்கிறது. நண்பர் ஒருவரின் படகில் உச்சிவேளையில் அடர்நிற பிவிசி மேல் நின்றேன், ஐந்தாறு வினாடிகளுக்கு மேல் முடியவில்லை. சூடு குறைவாக ஏறும்படி செய்த புதிய வகைகளும் வந்திருக்கின்றன. அவற்றின் மேல் நான் நின்றதில்லை, ஆகவே பழைய வகையை வைத்து அவற்றை எடைபோட மாட்டேன்.

இரண்டாவது குறைதான் என்னைத் தடுத்தது. பிவிசியை ஒட்டும் பாலியூரித்தேன் வகைப் பசைகள் காற்றின் ஈரத்தை வாங்கி இறுகுபவை. இறுகியபின் சூடு காட்டினால் ஓரளவு இளகுமே தவிர உருகாது. உளியும் அதிர்வுக் கத்தியும் கொண்டு பெயர்த்தெடுத்து, மிச்சமிருக்கும் பசையைக் கிரைண்டரால் தேய்க்க வேண்டும். கை கொஞ்சம் தவறினால் ஜெல்கோட், அதாவது ஃபைபரின் பளபளப்பான மேற்பூச்சு, போய்விடும். கார்ப்பெட் பசையோடு மூன்று வாரம் மல்லுக்கட்டியவனுக்கு அதைக் கேட்டதுமே உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை.

மரப்பட்டையிலிருந்து செய்யும் கார்க் விரிப்பின் மேல் ஒரே ஒரு மதியம் நின்றிருக்கிறேன். காலுக்கு இதமாகவும் சூடு இல்லாமலும் இருந்தது. அதற்கு மேல் சொல்ல என்னிடம் அனுபவம் இல்லை.

கடைசியில் நான் போட்டது ஈவிஏ ஃபோம், அதாவது ரப்பர் போன்ற மிருதுவான பிளாஸ்டிக் நுரை விரிப்பு, 6 மில்லிமீட்டர் தடிமன், வெளிர் சாம்பல் நிறம், பின்பக்கத்திலேயே பசை பூசி வருவது. மூன்று பருவங்கள் ஆகின்றன. நன்மைகளில் பலவற்றை எல்லோரும் சொல்வார்கள்: எடை மிகக் குறைவு, மூடிய குமிழ்கள் என்பதால் தண்ணீரை உறிஞ்சாது, காலுக்கு மெத்தென்று இருக்கும். மெத்தென்று இருப்பதை நான் உணர்ந்தது காலில் இல்லை, முழங்காலில். ஏணி இறக்காத நேரத்தில் மேடை விளிம்பைப் பிடித்து உந்தி ஏறி, முழங்கால் ஊன்றும் அந்த ஒரு நொடியில் வித்தியாசம் தெரிகிறது. படகுக்குப் பின்னால் மண்டியிட்டு எஞ்சினைப் பார்க்கும்போதும் அப்படித்தான்.

சூட்டைப் பற்றி நான் பயந்த அளவுக்கு இல்லை. ஃபோமின் உள்ளே பெரும்பகுதி காற்றுதான். மேற்பரப்பு சூடானாலும் அந்தச் சூட்டைச் சேமித்து வைத்துக் காலுக்குக் கடத்தும் அளவுக்கு அதில் பொருள் இல்லை. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் உடனே தணிந்துவிடும். ஆனால் கருப்பும் அடர்நீலமும் வேண்டாம். என் மேடையில் அழகுக்காகக் கருப்புக் கோடுகள் வரும் இடத்தில் நடு மதியத்தில் கால் தானாகவே தாண்டிப் போகிறது.

இப்போது கழற்றும் விஷயத்துக்கு வருகிறேன். போன பருவத்தில் ஒரு ஸ்கூபா சிலிண்டர் சரிந்து, ஏணிக்கு இடப்பக்கம் இருந்த துண்டில் கட்டைவிரல் நீளத்துக்குக் கிழித்துவிட்டது. நான் மேடையை ஒரே விரிப்பாக மூடவில்லை, ஐந்து துண்டுகளாகப் பிரித்து ஒட்டியிருந்தேன். அந்த ஒரு துண்டை மட்டும் எடுத்தேன். சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னைக் குறைந்த சூட்டில் வைத்து மூலையைக் காட்டினால் பசை இளகி, துண்டு மெதுவாக உரிந்து வருகிறது. அவசரப்பட்டால் ஃபோம் பாதியில் பிய்ந்து அடிப்பகுதி ஒட்டிக்கொண்டு நின்றுவிடும், ஆகவே ஒரு சாண் சூடு, ஒரு சாண் இழுப்பு என்று போக வேண்டும். இது அழுத்தத்தால் ஒட்டும் வகைப் பசை. எத்தனை வருடம் ஆனாலும் கல்லாக இறுகாமல் கொஞ்சம் பிசுபிசுப்பாகவே இருக்கும், அதனால்தான் சூட்டுக்கு இணங்குகிறது. மிச்சப் பசையை பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டி, ஆரஞ்சுத்தோல் எண்ணெய் சேர்ந்த பசை நீக்கியால் துடைத்தேன். காலையில் ஆரம்பித்தது, மதியச் சாப்பாட்டுக்கு முன் ஜெல்கோட் பளிச்சென்று வெளியே தெரிந்தது. புதிய துண்டு பழையதை விடக் கொஞ்சம் அடர்நிறமாகத் தெரிந்தது உண்மைதான், பழையவை வெயிலில் வெளுத்திருந்தன. ஒரு பருவம் போன பிறகு இப்போது உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது.

இளகும் பசை என்பதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஓரங்கள்தான் அதன் பலவீனம். கூர்மையான மூலை இருந்தால் அங்கிருந்துதான் முதலில் தூக்கும். எல்லா மூலைகளையும் வளைவாக வெட்டுங்கள், ஏணி மூடியின் மேலோ வடிகால் மேலோ ஒரே துண்டாகப் போர்த்தாதீர்கள். பிரஷர் வாஷரின் மூக்கை விளிம்புக்கு நேரே காட்டவே கூடாது. ஜெல்கோட்டிலேயே சொரசொரப்பு வார்த்திருக்கும் மேடை என்றால் இன்னும் கவனம் வேண்டும். புடைத்த புள்ளிகளின் உச்சியில் மட்டும்தான் பசை படும், இடையில் உள்ள பள்ளங்களில் தண்ணீர் ஓடும். என் மேடையில் அந்தச் சொரசொரப்பு ஓரளவு தட்டையானது, அதனால் நேரடியாக ஒட்டினேன். ஆழமானதாக இருந்தால் தேய்த்துச் சமன்படுத்திய பிறகு ஒட்டுவதே நல்லது.

ஃபோமுக்கு வேறு குறைகளும் உண்டு. சன்ஸ்கிரீன் கறை சீக்கிரம் படிகிறது. அன்றைக்கே பாத்திரம் கழுவும் சோப்பும் பிரஷ்ஷும் போட்டால் போய்விடும், ஒரு வாரம் விட்டால் நிழல் போல ஒரு தடம் நிற்கும். நாற்காலிக் கால் நாள் முழுக்க அழுத்திய இடத்தில் குழி விழும், பெரும்பாலும் மறுநாள் மேலெழும்பிவிடும். மலிவான வெறும் ஈவிஏ சுருள்கள் வெயிலில் சுருங்கி, துண்டுகளுக்கு நடுவே இடைவெளி விடுவதை மற்றவர்கள் படகில் பார்த்திருக்கிறேன். பாலிஎத்திலீன் கலந்து, புற ஊதாக் கதிர் தாங்கும்படி செய்த கடல் பயன்பாட்டு ரகமாகப் பார்த்து வாங்க வேண்டும். மூன்று பருவத்துக்கு அப்பால் என்ன ஆகும் என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்ல முடியாது. ஐந்தாறு பருவம் வந்தால் எனக்கு நிறைவு.

ஒட்டும்போது நான் அதிக நேரம் செலவழித்தது மெழுகை எடுப்பதில். ஜெல்கோட்டில் முன்பு பூசிய மெழுகு கொஞ்சம் இருந்தாலும் பசை பிடிக்காது. மெழுகு நீக்கியால் துடைத்தபின் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். முத்து முத்தாக நின்றால் மெழுகு இன்னும் இருக்கிறது, விரிந்து படர்ந்தால் சுத்தம். ஒரு மூலையில் மூன்றாவது முறை துடைத்த பிறகுதான் படர்ந்தது. பின்பு நன்றாகக் காயவிட்டு, அசிட்டோனால் ஒருமுறை துடைத்து, ஒவ்வொரு துண்டையும் நடுவிலிருந்து ஓரத்துக்கு ரப்பர் உருளையால் அழுத்தினேன். ஒரு முழுநாள் யாரையும் மேலே கால் வைக்க விடவில்லை, தண்ணீரும் படவிடவில்லை.

அளவெடுக்க, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளை மேடை மேல் விரித்து, டேப்பால் ஒட்டி, ஏணி மூடி, வடிகால், கயிறு கட்டும் கொம்பு எல்லாவற்றையும் மார்க்கரால் வரைந்துகொண்டேன். அந்தத் தாளில் ஐந்து துண்டுகளுக்கும் எண் போட்டு, சுருட்டி, கேபினில் படுக்கைக்கு அடியில் வைத்திருக்கிறேன். சிலிண்டர் விழுந்த அன்று நான்காம் எண் துண்டை வெட்ட அளவுநாடாவே தேவைப்படவில்லை.