பேஜ்ரேங்க், ஹிட்ஸ்: லிங்குகளை எடைபோட வந்த இரண்டு கணக்குகள்

எஸ்.இ.ஓ., அதாவது தேடலில் தளத்தை மேலே கொண்டுவரும் வேலை, பேசுகிறவர்கள் எல்லாரும் பேஜ்ரேங்க் என்பார்கள். கூகுள் தேடலில் பக்கங்களை வரிசைப்படுத்தக் கைக்கொண்ட கணக்கு அது. அதே வேலைக்காக அதே காலத்தில் பிறந்த ஹிட்ஸ் என்ற கணக்கைப் பற்றிக் கேட்டால் பாதிப்பேர் விழிப்பார்கள். இரண்டுமே 1998 வாக்கில் வெளிவந்தவை. பேஜ்ரேங்க், கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்கே பிரின்னும் ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கியது. ஹிட்ஸ், கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜான் கிளைன்பெர்க், கலிஃபோர்னியாவில் ஐபிஎம் அல்மடன் ஆய்வகத்தில் இருந்தபோது யோசித்தது. பிற பக்கங்கள் தரும் லிங்குகளை வைத்து ஒரு பக்கத்தின் தகுதியை அளக்கலாம் என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எப்படி அளப்பது என்பதில்தான் பிரிந்தார்கள். யோசனை என்ற அளவில் என் ஓட்டு ஹிட்ஸுக்கு. ஆனாலும் அது ஏன் தோற்றது என்பதும் எனக்குப் புரிகிறது.

பேஜ்ரேங்க்கில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரே ஒரு மதிப்பெண். அந்த மதிப்பெண்ணை அது தன்னிடமிருந்து போகும் லிங்குகளுக்குச் சமமாகப் பங்கிடுகிறது. 6 மதிப்பெண் உள்ள பக்கம் மூன்று பக்கங்களுக்கு லிங்க் கொடுத்தால் ஆளுக்கு 2. அதிலும் 0.85 பங்குதான் போய்ச் சேரும், அதாவது 1.7. மீதி 0.15 பங்கு எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவில் போகிறது. லிங்குகளைக் கிளிக் செய்துகொண்டே போகும் ஒருவர் அவ்வப்போது சலித்துப்போய் வேறு எங்காவது தாவிவிடுவார் என்ற கற்பனையில் வந்த எண் அது.

ஹிட்ஸில் ஒரு பக்கத்துக்கு இரண்டு மதிப்பெண்கள். விஷயம் தெரிந்த பக்கம் என்பதற்கு ஒன்று, விஷயம் தெரிந்தவர்களைச் சரியாகக் கைகாட்டும் பக்கம் என்பதற்கு இன்னொன்று. முதல் வகைக்கு கிளைன்பெர்க் வைத்த பெயர் அத்தாரிட்டி, இரண்டாவதுக்கு ஹப். நல்ல ஹப்கள் காட்டுவது நல்ல அத்தாரிட்டி, நல்ல அத்தாரிட்டிகளைக் காட்டுவது நல்ல ஹப். இப்படி ஒன்றை வைத்து மற்றொன்றைத் திரும்பத் திரும்பக் கணக்கிட்டால் எண்கள் ஓரிடத்தில் நிலைக்கும். இங்கே பங்கீடு கிடையாது. 500 லிங்க் உள்ள பக்கமும் ஒவ்வொன்றுக்கும் தன் முழு மதிப்பையும் கொடுக்கும்.

இதைவிடப் பெரிய வித்தியாசம், கணக்கை எப்போது போடுவது என்பது. பேஜ்ரேங்க் வலை முழுவதற்கும் முன்கூட்டியே போட்டு வைப்பது. நீங்கள் எதைத் தேடினாலும் எண் மாறாது. ஹிட்ஸ், தேடிய பிறகுதான் தொடங்கும். ஏதாவதொரு தேடுபொறி தரும் முதல் 200 பக்கங்களை எடுத்து, அவை காட்டும் பக்கங்களையும் அவற்றைக் காட்டும் பக்கங்களையும் சேர்த்து, சில ஆயிரம் பக்கங்களுக்குள் கணக்குப் போடும். கிளைன்பெர்க் அதற்குப் பயன்படுத்தியது அன்றைய தேடுபொறியான ஆல்டாவிஸ்டாவை. கார் கம்பெனிகளைத் தேடுகிறவருக்கு ஹோண்டா, டொயோட்டாவின் முகப்புப் பக்கங்கள் வர வேண்டும். ஆனால் அந்தப் பக்கங்களில் ‘கார் தயாரிப்பாளர்’ என்ற சொல்லே இருக்க வேண்டியதில்லை. சுற்றியுள்ள லிங்குகளையும் சேர்த்துக்கொள்வதால் ஹிட்ஸ் அவற்றைப் பிடித்துவிடும். ஊரில் பேர்பெற்ற டாக்டர் யார் என்று கேட்பதற்கும், மூட்டுவலிக்கு யாரிடம் போகலாம் என்று மூட்டுவலிக்காரர்களிடமே கேட்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

அப்புறம் ஏன் தோற்றது? முதல் காரணம் நேரம். ஒவ்வொரு தேடலுக்கும் ஆயிரக்கணக்கான பக்கங்களின் லிங்குகளைத் திரட்டிக் கணக்குப் போட அன்றைய கம்ப்யூட்டர்களுக்குப் பொறுமை இல்லை, தேடுகிறவருக்கும் இல்லை. இரண்டாவது, தடம் மாறுதல். சின்ன விஷயத்தைத் தேடினால், அதை ஒட்டிய, லிங்குகள் அதிகம் உள்ள பெரிய விஷயத்துக்குப் போய்விடும். ஒரே தளத்தின் பல பக்கங்கள் ஒன்றையே தூக்கிப்பிடித்தாலும் கணக்கு கோணும். 1998-லேயே கிருஷ்ண பரத், மோனிகா ஹென்சிங்கர் என்ற ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வழி சொன்னார்கள்: ஒரே தளத்திலிருந்து எத்தனை பக்கங்கள் காட்டினாலும் மொத்தமாக ஒரு ஓட்டுதான். பரத் சென்னை ஐஐடியில் படித்தவர், பின்னாளில் கூகுள் நியூஸை உருவாக்கியவர்.

ஏமாற்று வேலையில் இரண்டும் எப்படி என்று பார்ப்பதுதான் சுவாரசியம். ஹிட்ஸில் ஹப் ஆவது மிகச் சுலபம். அந்தத் துறையின் பெரிய தளங்களுக்கெல்லாம் லிங்க் வைத்துவிட்டு, கூடவே உங்கள் கடையின் லிங்கையும் சொருகிவிடலாம். வெளியே போகும் லிங்க் உங்கள் கையில்தானே இருக்கிறது? பேஜ்ரேங்க்கில் அது செல்லாது. உள்ளே வரும் லிங்க் வேண்டும், அதை மற்றவர்தான் தர வேண்டும். ஆனால் அங்கேயும் ஓட்டை உண்டு. ஒவ்வொரு பக்கமும் அந்தப் பொதுப் பங்கில் ஒரு துளியோடு பிறக்கிறது. ஆயிரம் குப்பைப் பக்கங்களைப் பெற்றுப்போட்டு எல்லாவற்றையும் ஒரே பக்கத்தை நோக்கித் திருப்பினால், துளிகள் சேர்ந்து குடமாகிவிடும். லிங்க் பண்ணைகள் அப்படித்தான் முளைத்தன. 2012 ஏப்ரலில் லிங்க் மோசடிகளைப் பின்னுக்குத் தள்ளும் பெங்குவின் என்ற மாற்றம் வந்த பிறகே கூகுள் அதில் கடுமையாக இறங்கியது.

பேஜ்ரேங்க் இன்னொரு கெட்ட பழக்கத்தையும் விட்டுச் சென்றது: வெளியே லிங்க் கொடுத்தால் நம் மதிப்பு ‘ஒழுகிவிடும்’ என்ற பயம். சூத்திரத்தைப் பார்த்தால் ஒரு பக்கத்தின் மதிப்பெண் அதற்கு வரும் லிங்குகளால்தான் முடிவாகிறது. தாராளமாக வெளியே கைகாட்டினால் உங்கள் சொந்த உள்பக்கங்களுக்குப் போகும் பங்கு குறையும், அவ்வளவுதான். ஆனாலும் செய்தித் தளங்கள்கூட மூலத்துக்கு லிங்க் கொடுக்கக் கஞ்சத்தனம் பண்ணுகின்றன. ஹிட்ஸ் வென்றிருந்தால் எதிர்த் திசையில் பைத்தியம் பிடித்திருக்கும். எல்லாரும் தேவையோ இல்லையோ லிங்குகளாகக் கொட்டியிருப்பார்கள். எது தேவலாம் என்று கேட்டால், வாசகனாக நான் கஞ்சத்தனத்தைத்தான் அதிகம் வெறுக்கிறேன்.

இன்னொன்று. பேஜ்ரேங்க் தனியாளாக வென்றது என்பது பாதி உண்மை. லிங்கின் மேல் எழுதியிருக்கும் சொற்களை, அது சுட்டும் பக்கத்தின் கணக்கிலும் கூகுள் சேர்த்தது. கார் கம்பெனிச் சிக்கலை அது வேறு வழியில் தீர்த்தது இப்படித்தான். 2003-ல் ‘மிசரபிள் ஃபெய்லியர்’ (படுதோல்வி) என்று தேடினால் அன்றைய அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் வாழ்க்கைக் குறிப்பு வந்ததும் இதே வசதியால்தான்: பலர் அந்தச் சொற்களின் மேல் அந்தப் பக்கத்துக்கு லிங்க் வைத்தார்கள்.

ஹிட்ஸ் மறைந்தேவிட்டது என்று சொல்ல முடியாது. ஐபிஎம்மில் கிளெவர் என்ற திட்டமாக வளர்ந்தது. துறைக்குள் யார் பெரியவர் என்று பார்க்கும் அதே சிந்தனையோடு வந்த டியோமா என்ற தேடுபொறியை 2001-ல் ஆஸ்க் ஜீவ்ஸ் என்ற இன்னொரு தேடுபொறி நிறுவனம் வாங்கியது. கிளெவர் குழுவில் இருந்த பிரபாகர் ராகவன், அவரும் சென்னை ஐஐடிக்காரர், பிற்பாடு கூகுளின் தேடல் பிரிவுக்கே தலைவரானார்.

இன்று இரண்டையும் நீங்களே ஓட்டிப் பார்க்கலாம். பைத்தான் நிரல்மொழியின் நெட்வொர்க்எக்ஸ் நூலகத்தில் இரண்டுக்கும் தயார் நிரல் இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவின் லிங்க் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. முழுவதற்கும் பேஜ்ரேங்க் போடுங்கள். நாடுகள், பெரிய ஊர்கள் போன்ற எல்லாரும் லிங்க் கொடுக்கும் கட்டுரைகள் மேலே வர வாய்ப்பு அதிகம். பிறகு சோழர் காலக் கோயில்கள் என்று ஒரு சின்ன வட்டத்தை மட்டும் வெட்டியெடுத்து ஹிட்ஸ் போடுங்கள். அத்தாரிட்டி வரிசையை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாமல் ஹப் வரிசையையும் பாருங்கள். பட்டியல் கட்டுரைகள் அங்கேதான் வந்து நிற்கும், புதிதாக ஒரு விஷயத்தைப் படிக்கத் தொடங்குகிறவருக்கு முதலில் வேண்டியவையும் அவைதான்.