தப்பு லாரிக்காரன் மேல, 19,950 ரூபாய் போனது நம்ம கையை விட்டு

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல கன்டெய்னர் க்யூ. திடீர்னு திரும்பின ட்ரெய்லர் லாரியோட பின் மூலை காரை உரசி பம்பர், ஹெட்லைட், ஃபெண்டர், முன் கதவு எல்லாம் காலி. டிரைவரே தப்பை ஒத்துக்கிட்டான்.

மூலக்கடை பக்கம், இன்சூரன்ஸ் கம்பெனியே நேரா பில் கட்டற ஒரு கேஷ்லெஸ் ஒர்க்‌ஷாப். டீ வாங்கிக் குடுத்து, "உங்க மேல தப்பே இல்லியே சார், ஒரு பைசா செலவாவாது. லாரி இன்சூரன்ஸ்ல புடிச்சிக்கலாம், ஸ்டேஷனுக்கெல்லாம் அலையாதீங்க"ன்னான். வெத்து க்ளெய்ம் ஃபார்ம்ல கையெழுத்து வாங்கிட்டான். பேச்சு அவ்ளோ பதமா இருந்துச்சு, படிக்கவே தோணலை.

அவன் போட்டது நம்ம பாலிசியிலேயே ஓன் டேமேஜ் க்ளெய்ம், அதாவது நம்ம வண்டி சேதத்துக்கு நம்ம கம்பெனிகிட்டயே கேக்கறது. அதுல தப்பு யார் மேலன்னு பாக்கறதே இல்லை. யார் மேலன்னாலும் பிடித்தம் ஒண்ணுதான். வண்டிக்கு நாலரை வயசு, பாகம் பழசானதுக்குக் கழிக்காம பணம் தர்ற ஜீரோ டெப் கவர் இல்லை. பிளாஸ்டிக்குக்குப் பாதி வெட்டு: பம்பர் 4,000-ல 2,000, ஹெட்லைட் 9,000-ல 4,500. இரும்புக்கு 35 சதவீதம்: ஃபெண்டரும் கதவும் 17,000-ல 5,950. பெயின்ட் கூலி 16,000-ல கால் பங்கை மெட்டீரியல்னு எடுத்து அதுல பாதி, 2,000. கட்டாயப் பிடித்தம் 1,000. ஆக 15,450 கட்டினாத்தான் சாவி. இது அவனுக்கு கேஷ்லெஸ்ஸாம்!

க்ளெய்ம் போட்டதால 50 சதவீதம் ஆக வேண்டிய நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் போடாம இருந்தா பிரீமியத்துல கிடைக்கற தள்ளுபடி) பூஜ்யம். அடுத்த ரினிவல்ல 4,500 கூடுதல். மொத்தம் 19,950.

ஒர்க்ஷாப்காரனைக் கேட்டா, "சேதத்தை மதிப்பு போடற சர்வேயர் போட்ட கணக்கு சார்." ஏஜென்ட், "கையெழுத்து உங்களோடதுதானே?" கஸ்டமர் கேர்ல பாட்டு மட்டும் ஓடுது.

லாரி இன்சூரன்ஸ்ல வாங்கணும்னா விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துல போட்டு, தப்பு அவன் மேலன்னு நிரூபிக்கணும். சென்னைக்கு அது சிறுவழக்கு நீதிமன்றத்துல இருக்கு. ஆறு மாசத்துக்குள்ள போடணும். கையில போலீஸ் பேப்பரே இல்லாம எதை வெச்சு நிரூபிக்கறது? 19,950 ரூபாய்ங்க!

அவசரமா சொல்லிடறேன். வண்டியை நகர்த்தறதுக்கு முன்னாடி நம்பர் பிளேட்டோட போட்டோ எடுங்க. அன்னிக்கே ஸ்டேஷன்ல புகார் குடுத்து சிஎஸ்ஆர் (புகார் பதிவான ரசீது) வாங்குங்க. வெத்து ஃபார்ம்ல கையெழுத்து வேணாம். சின்ன அடின்னா போனஸ் நஷ்டத்தைக் கணக்குப் போட்டுட்டு க்ளெய்ம் பண்ணுங்க. தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தா நம்ம வண்டிக்கு நம்ம கம்பெனி நயா பைசா தராது.

மீதி அப்புறம். லேட்டானாலும் ஸ்டேஷன்ல ஒரு புகாராவது குடுத்துட்டு வரேன்.