ஓலைச்சுவடிக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய்: எங்கே உதவும், எங்கே கெடுக்கும்

பரம்பரைச் சுவடிக் கட்டைக் காத்து வருபவர்கள் எலுமிச்சைப்புல் எண்ணெயைத் தாராளமாக வாங்கலாம். வறண்டு விறைத்த ஓலையை நெகிழ வைக்க எளிதாகக் கிடைக்கும் பொருள் இது. ஆனால் அளவு மிஞ்சினால் இதுவே ஏட்டுக்கு எமன்.

வாங்கும்போது பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலாகப் பாருங்கள். வெளிச்சமும் காற்றும் பட்டால் எண்ணெய் கெட்டுவிடும். விளக்குக்கும் அறை மணத்துக்கும் விற்கும் வாசனை எண்ணெய் வேண்டாம். ஒரு சொட்டை மை ஒற்றும் தாளில் விட்டு மறுநாள் பாருங்கள். பிசுபிசுப்பான எண்ணெய்க்கறை தங்கியிருந்தால் ஆவியாகாத வேறு எண்ணெய் கலந்த சரக்கு. அதைத் தொட்ட ஓலையில் தூசி அப்பிக்கொள்ளும்.

கட்டைப் பிரிக்குமுன் ஏடுகளின் வரிசையைப் படம் எடுத்துவிடுங்கள். கயிறு உருவியபின் வரிசை கலைந்தால், ஏட்டெண் சிதைந்த சுவடியைச் சேர்ப்பது பெரும்பாடு. மென்மையான தூரிகையால் நார் ஓடும் திசையில் தூசி தட்டுங்கள். பஞ்சில் இரண்டு மூன்று சொட்டு போதும். இரு புறமும் மெல்லத் துடைத்து, நிழலில் ஒற்றும் தாள்மேல் தனித்தனியாகப் பரப்புங்கள். கையில் ஒட்டாத பதம் வந்த பிறகே அடுக்க வேண்டும். ஈரத்தோடு அடுக்கினால் ஏடுகள் ஒட்டிக்கொள்ளும்; பிரிக்கும்போது மேல்தோல் எழுத்தோடு உரிந்து வரும்.

எழுத்தாணியால் கீறிய எழுத்து மங்கியிருந்தால், இதே எண்ணெயில் விளக்குக்கரியைக் குழைத்துத் தடவித் துடைக்கலாம். கரி கீறலில் மட்டும் தங்கி, எழுத்து பளிச்சென்று தெரியும். தூரிகையால் மையிட்டு எழுதியது, வண்ணம் தீட்டியது என்றால் பாட்டிலைத் திறக்கவே வேண்டாம். மையும் வண்ணமும் கரைந்து போகக்கூடும்.

பூச்சிக்கு இதை நம்பாதீர்கள். மணம் இருக்கும்வரை பூச்சி அண்டாது, அவ்வளவுதான். துளைக்குள் இருக்கும் முட்டையும் புழுவும் இதனால் சாவதில்லை. புதுத் துளையோ மாவு போன்ற தூளோ தெரிந்தால் அந்தக் கட்டை உடனே தனியே எடுத்து வைத்து, சுவடி நூலகம் ஒன்றில் காட்டுங்கள். நொறுங்கத் தொடங்கிய ஓலையையும் எண்ணெய் மீட்காது. அதை வளைத்துப் பார்க்காதீர்கள், முறிந்துவிடும்.

துடைத்த ஏடுகளை இரு மரச்சட்டத்துக்கு இடையே வைத்து, இறுக்காமல் கட்டி, பருத்தித் துணியில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் உறை கூடாது, உள்ளே ஈரம் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும்.